எரிச்சல் போன வழி

சாம்பல் புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு, சிலுவைவிளை அண்டியாபீஸின் தரையில் உட்கார்ந்திருந்த நாற்பது பெண்களுடைய கை எரிச்சல் எழுந்து போய்விட்டது. எழுந்து போனது என்றுதான் சொல்ல வேண்டும். விருந்துக்கு வந்தவர் நேரமாச்சு என்று சொல்லிச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போவாரே, அந்த மாதிரி முதலில் உள்ளங்கையை விட்டு, பிறகு விரலை விட்டு, கடைசியாக நகக்கண்ணை விட்டு அது போனதை நாங்கள் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் அறிந்தோம், அறிந்தும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்ளாமல் வேலையைச் செய்தோம், ஏனென்றால் பார்த்தால் திரும்பி வந்துவிடுமோ என்று பயம்.

முந்திரிக்கொட்டையை எங்கள் பக்கம் அண்டி என்போம், அதை உடைக்கிற ஆலை அண்டியாபீஸ். வறுத்த அண்டியைக் கல்லின் மேல் நிறுத்தி, மரக்கட்டையால் தட்டி, ஓட்டைப் பிளந்து, பருப்பை முழுசாக எடுப்பதற்குத் தல்லுதல் என்று பெயர். ஓட்டுக்குள் ஒரு கறுத்த எண்ணெய் உண்டு. அது தோலைத் தின்னும், தோல் தீர்ந்தால் சதையைத் தின்னும், ரேகையை எல்லாவற்றுக்கும் முதலில் தின்னும். ரேஷன் கடை மெஷினில் விரலை வைத்தால், இப்படி ஒரு ஆள் பூமியில் இல்லை என்று மெஷின் சொல்லும். கையுறை கேட்டதற்கு, உறை போட்டால் பருப்பு பொடியும், எரிச்சல் நிற்க வேண்டுமென்றால் தொழிலை விடுங்கள் என்றார் மிக்கேல்ராயன் முதலாளி. அதனால் நாங்கள் வீட்டு அடுப்பிலிருந்து சாம்பல் கொண்டுவந்து கையில் அப்பிக்கொள்வோம். ஊரில் மற்றவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் நெற்றியில் சாம்பல். எங்களுக்கு எல்லா நாளும் கையில்.

சாம்பல் பூசி முடித்ததும் ஒரு ஜெபம் சொல்லுவோம். கொட்டகைச் சுவரில் மாதா படமும் முத்தாரம்மன் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, ஒரே விளக்கு இரண்டு பேருக்கும். ஜெபத்தைச் சொல்லிக்கொடுப்பது தாசம்மா. அவளுக்கு முப்பது வருஷத் தல்லு, நல்ல குரல், பெனிலா என்று ஒரே மகள். "ஆண்டவரே, இந்த எரிச்சல எங்கள விட்டு எடுத்துப்போடும்" என்பாள் தாசம்மா. நாற்பது பேரும் ஆமென் என்போம், முத்தாரம்மனைக் கும்பிடுகிறவர்களும் ஆமென் என்பார்கள். முப்பது வருஷமும் சொன்ன அதே ஜெபத்தைத்தான் அன்றைக்கும் சொன்னோம். அன்றைக்குக் கேட்கப்பட்டது.

மத்தியானம் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது ரெஜினாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். அவளுக்குப் புருஷனும் இல்லை பிள்ளையும் இல்லை, அதனால் பயமும் கொஞ்சம் குறைவு.

"ஏட்டி, எனக்குக் கஞ்சி சுடுது" என்றாள்.

"கஞ்சின்னா சுடத்தான செய்யும்."

"கையில சுடுது. சட்டிக்க சூடு கையில தெரியுது." சொல்லிவிட்டு அவள் சட்டியைக் கீழே வைக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தாள், கஞ்சி ஆறும் வரைக்கும்.

தவக்காலம் நாற்பது நாளும் எங்களுக்கு ஈஸ்டர் மாதிரிப் போனது. கையில் தோல் வந்தது, சின்னப்பிள்ளையின் தோல் மாதிரி ரோஸ் நிறத்தில். சோற்றைப் பிசைகிறபோது சோறு தெரிந்தது, குழம்பு எரிக்கவில்லை. ரெஜினாள் சின்ன வயதில் தோவாளைப் பக்கம் பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தவள், கை மரத்துப்போய் விட்டுவிட்டவள். அவள் இப்போது ஆபீஸ் விட்டதும் திரும்பவும் பூ வாங்கிக் கட்ட ஆரம்பித்தாள். மொட்டுக்க காம்பு தெரியுது, நூலு தெரியுது, நூலுக்க முறுக்கு தெரியுது என்று ஒவ்வொரு நாளும் எங்களிடம் சொல்லுவாள், கேட்டு எங்களுக்குச் சலிக்கவே இல்லை. முதலாளிக்கு இன்னும் சந்தோஷம், மூன்று கூடை தல்லினவள் நாலு கூடை தல்லினாள். நாங்கள் சாம்பல் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டோம். எரிச்சல் எங்கே போனது என்று நாற்பது பேரில் ஒருத்தியும் கேட்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு பாம்பு போய்விட்டால், எங்கே போனது என்று வாசலில் நின்று பார்ப்போம். இதைப் பார்க்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை முதலாளி ஈஸ்டர் பங்கு தந்தார். எங்கள் ஆபீஸில் அதற்கு ஒரு முறை உண்டு. வருஷம் முழுக்க நாங்கள் ஒரு பருப்பைக்கூட வாயில் போடக்கூடாது. சாயங்காலம் வாசலில் மேஸ்திரி சுசீலா நின்று, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியில் பார்த்துத்தான் வெளியே விடுவாள். ஈஸ்டருக்கு மட்டும், ஒவ்வொருத்தியும் தல்லும்போது உடைந்த பருப்பைத் தனியாக வைத்திருந்து, யார் உடைத்த பொடி அவளுக்கே என்று ஆளுக்கு அரைக்கிலோ தருவார்கள். அதை யாரும் தின்பதில்லை. எங்களுக்கு முந்திரியை நாக்கில் வைத்தால் அந்தக் கறுத்த எண்ணெய்தான் நினைவுக்கு வரும். பிள்ளைகளுக்குத்தான் அனுப்புவோம். தாசம்மா அதை ஒரு டப்பாவில் போட்டு, தெரிந்த கண்டக்டர் கையில் மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் பெனிலா நர்ஸ். அப்போதுதான் பிறந்த, உள்ளங்கை அகலமே உள்ள பிள்ளைகளுக்கு நரம்பு தேடி ஊசி போடுகிற வேலை. அந்த நரம்பு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். பெனிலா பிறந்த அன்றைக்கே, இந்தக் கை அண்டியைத் தொடாது என்று தாசம்மா மாதாவிடம் நேர்ந்து பொருத்தனை வைத்தவள். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டால்கூட சேலைத் தலைப்புக்குள் தன் கையை மறைத்துக்கொண்டுதான் போவாள். மகள் அந்தக் கையை வெளிச்சத்தில் சரியாகப் பார்த்ததில்லை.

தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் ஈஸ்டர் திங்கட்கிழமை எங்கள் ஊரில் முதல் கல்யாணம். கோயில் ஹாலில் சாப்பாடு. நாங்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரு மூலையில் உட்கார்ந்து, பாயசத்தில் கிடந்த எங்கள் ஆபீஸ் முந்திரியை மட்டும் இலையோரம் ஒதுக்கிவிட்டுக் குடித்தோம். முன்னூறு பேர் பேசிக்கொண்டிருந்த ஹால், பாயசம் முடிந்து மோர் வருகிற நேரத்தில், ஒரு விளக்கை ஊதினால் அணைவதுபோல அமைதியானது. எல்லாரும் தங்கள் கையைப் பார்த்தார்கள். பிறகு இடது கைகள் எல்லாம் எதையோ நிறுத்திப் பிடிப்பதுபோல மூன்று விரல் குவிந்தன, வலது கைகள் எல்லாம் உயர்ந்தன, உயர்ந்து இலையின் மேல் டக் என்று இறங்கின. பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அப்படியே, பங்குச்சாமியாருக்கும் அப்படியே. டக், டக், டக் என்று மழை பிடிப்பதுபோல அந்தச் சத்தம் ஹால் முழுக்கப் பிடித்தது. யாரும் கத்தவில்லை, கை எரிச்சலில் கண்ணில் மட்டும் தண்ணீர் ஓடியது.

"நம்ம தாளம்லா" என்றாள் ரெஜினாள் மெதுவாக.

எங்கள் தாளம்தான். வெளியாட்களுக்கு எல்லாத் தட்டும் ஒன்று. எங்களுக்குக் கண்ணை மூடினாலும் யார் தட்டுகிறாள் என்று தெரியும். ரெஜினாளுடையது வேகமான தட்டு. தாசம்மா முதலில் தொட்டும் தொடாமலும் ஒரு சின்னத் தட்டு, பிறகு ஒரு அழுத்தமான தட்டு, அப்படி இரண்டாகத் தட்டுவாள். அந்த ஹாலில் முன்னூறு பேர் கையில் நாங்கள் எங்களையே கேட்டோம், செத்துப்போன ஒருத்தி பக்கத்து அறையில் நடப்பதைக் கேட்பதுபோல.

ஊர் இதைத் தாங்கிக்கொண்ட விதம் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. டீக்கடையில் கிளாஸுக்குப் பதிலாக இரண்டு கையாலும் ஏந்துகிற கிண்ணம் வந்தது. பூசையில் பிரசங்கத்துக்கு நடுவில் பெஞ்சுகளில் தட்டுச் சத்தம் எழுந்தால், சாமியார் அது முடியும் வரை காத்திருந்து தொடர்ந்தார். பலகாரக்கடையில் பாதாம் போடத் தொடங்கினார்கள். பொண்ணு பார்க்கப் போனவர்கள் உள்ளங்கையைக் காட்டச் சொன்னார்கள். எங்கள் கையைப் பார்த்துப் பெஞ்சில் நகர்ந்து உட்காருகிறவர்களெல்லாம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

பாங்கி மேனேஜர் வீட்டம்மா ரெஜினாளிடம் வந்து, "எக்கா, கையில ஒரு சாம்பல் போடுவியளாமே, அது எங்க கிடைக்கும்?" என்று கேட்டாள்.

"அடுப்புல அம்மா. ஒங்க வீட்டுல அடுப்பு இருக்கும்லா?"

"கேஸ் அடுப்புதான் இருக்கு."

"அப்ப நீங்க எரியத்தான் வேணும்" என்றாள் ரெஜினாள். ஆனாலும் உள்ளே போய் ஒரு கொட்டாங்கச்சி நிறையச் சாம்பல் அள்ளிக் கொடுத்தாள். வெறும் சாம்பல் பூசினால் வெடிக்கும், முதலில் தேங்காயெண்ணெய் தடவணும், நகக்கண்ணில் கூடுதலாகத் தடவணும் என்று சொல்லியும் கொடுத்தாள்.

முதலாளிக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அவருக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது, ஏப்பம் வரும், தின்பதே இல்லை. தல்லுகிறதும் இல்லை. இனிமேல் சரக்கை உள்ளூரில் விற்க வேண்டாம், தூர தேசத்துக்கு மட்டும் போகட்டும், அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது, அவர்கள் தட்டுகிற சத்தமும் இங்கே கேட்காது என்று அவர் முடிவு செய்தார். கொட்டகையில் எங்களிடமும் வந்து, "உங்களுக்கு எரியல்லல்லா? பின்ன என்ன?" என்றார். எங்களுக்கு எரியவில்லைதான்.

அடுத்த வார வெள்ளிக்கிழமை பெனிலா போன் செய்தாள். கஞ்சி நேரம், கொட்டகை வாசலில் நின்று, ஸ்பீக்கரில் போட்டுத் தாசம்மா பேசினாள். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அம்மா, எனக்க கைக்கு என்னவோ ஆயிருக்கு. எரியுது. விரல் மரத்துப் போச்சு. நேத்து ஒரு பிள்ளைக்கு நாலு தடவ குத்தியும் நரம்பு கிடைக்கல்ல. அது அழக்கூடத் தெம்பில்லாத பிள்ள. ஹெட் சிஸ்டர் வேற வார்டுக்கு மாறிக்கோன்னு சொல்லிட்டாங்க. இப்படியே இருந்தா வீட்டுக்குப் போன்னு சொல்லுவாங்க."

"நான் அனுப்பின பருப்ப தின்னியா மக்கா?"

"தின்னேன். ஏம்மா?"

போனில் பேச்சுக்குப் பின்னால் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது, மேசையில் விரல் முட்டி படுகிற சத்தம். தொட்டும் தொடாமலும் ஒன்று, பிறகு அழுத்தமாக ஒன்று. அதை நாங்கள் எல்லாரும் கேட்டோம். இருபத்தாறு வருஷம் அண்டியைத் தொடவிடாமல் காத்த மகளின் கை, தானாகக் கொட்டகைக்கு வந்து, அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து, அம்மாவின் தட்டைத் தட்டியது.

மறுநாள் காலையில் ஜெபத்துக்கு முன்னால் தாசம்மா எங்களைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். அப்படி அவள் உட்கார்ந்ததில்லை, படத்தைப் பார்த்துத்தான் உட்காருவாள்.

"நாம எடுத்துப்போடும்னு கேட்டோம். எங்க வைக்கணும்னு சொல்லல்ல. அவரு கையில வச்சுக்கிட்டு நிக்க முடியுமா, பருப்பு போன வழியில வச்சிட்டாரு. திருப்பிக் கேட்கணும்" என்றாள்.

பிள்ளைகளுக்குப் பங்கு அனுப்பின எல்லாரும் தலையை ஆட்டினார்கள். எங்கள் வீடுகளிலும் போன் வந்திருந்தது. ஆட்டாதவள் ரெஜினாள் ஒருத்திதான்.

"நீ ஒனக்க மவளுக்காக்கும் கேட்க. நான் யாருக்குக் கேட்க?" என்றாள். "எனக்க பங்க நான் பேக்கரிக்காரனுக்குக் கொடுத்தேன், அவன் தட்டட்டும், எனக்கென்ன. இந்தக் கொட்டகையில கை வெந்தவ யாருக்காவது ஊருல இருந்து ஒருத்தன் வந்து சாம்பல் தந்தானா? இப்ப எனக்குப் பூ கெட்ட முடியுது. அத நான் திருப்பிக் கொடுக்கணுமா?"

யாரும் அவளைத் திட்டவில்லை. அவள் சொன்னதில் பொய் இல்லை.

தாசம்மா அன்றைக்கு ஜெபத்தைச் சொன்னாள். எங்களுக்கே திருப்பித் தாரும் என்று சொன்னாள். முப்பத்தொன்பது ஆமென் விழுந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நாற்பது பேர் சேர்ந்து கேட்டதை முப்பத்தொன்பது பேர் திருப்பிக் கேட்க முடியாது போலிருக்கிறது. கை குளிர்ச்சியாகவே இருந்தது, அந்தக் குளிர்ச்சி இப்போது அருவருப்பாக இருந்தது, அடுத்தவளின் சேலையை உடுத்திக்கொண்டு நடப்பதுபோல.

சாயங்காலம் சுசீலாவுக்கு வாயைத் திறந்து காட்டிவிட்டு, தாசம்மாவும் ரெஜினாளும் ஒன்றாக நடந்தார்கள். நான் பின்னால் போனேன்.

ரெஜினாள் சொன்னாள்: "எக்கா, நீ கேட்டது சரியில்ல. எடும்னு கேட்டப்பவும் முழுசா எடுக்கச் சொன்னோம், தாரும்னு கேட்டப்பவும் முழுசாத் தரச் சொன்ன. ஏன் முழுசா நமக்கு? மரத்துல இருந்து வாய்க்குப் போற வழியில எத்தன கை இருக்கு. மொதலாளிக்க கை, சுசீலாக்க கை, லாரிக்காரனுக்க கை, எடை போடுறவன், விக்கிறவன், வாங்குறவன், திங்கிறவன். எல்லாருக்கும் பங்கு வைக்கச் சொல்லு, ஆமென் சொல்லுகேன்."

தாசம்மா நின்றுவிட்டாள். "செரி" என்றாள். "திங்கிறவங்கன்னு பொதுவாச் சொல்லுகேன்."

"பொதுவா இல்ல. ஒனக்க மவ கையும் அதுல உண்டுன்னு ஒனக்க வாயால சொல்லணும். அவள விட்டுட்டு மிச்சப் பேருக்குப் பங்கு வச்சா, மொதலாளி செய்யுறதுக்கும் நீ செய்யுறதுக்கும் என்னட்டி வித்தியாசம்?"

முப்பது வருஷத்தில் ரெஜினாள் எக்காவை விட்டு அவளை 'ட்டி' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். தாசம்மாவுக்கு அந்தக் கைக்காகத்தானே எல்லாம். முழு எரிச்சலையும் தான் ஒருத்தியே வாங்கிக்கொள்ளச் சொன்னாலும் வாங்கியிருப்பாள், சிரித்துக்கொண்டு வாங்கியிருப்பாள். ஒரு கடுகளவு அந்தக் கையில் வை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"மக்கா, அவ ஒண்ணும் செய்யல்லியே" என்றாள்.

"தின்னால்லா."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தாசம்மா கோயிலில் முழங்காலில் இருந்தாள். ரெஜினாள் அன்றைக்கு மூன்று படி பிச்சிப்பூ வாங்கி, பொழுது விழும் வரை கட்டினாள். யாருக்கும் விற்கவில்லை. கட்டியதை அவிழ்த்து, அவிழ்த்த பூவைத் திரும்பவும் கட்டினாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் நாற்பது பேரும் உட்கார்ந்தோம். நாற்பது பேரும் வீட்டிலிருந்து சாம்பல் கொண்டுவந்திருந்தோம், யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமலே. தாசம்மா விளக்கைப் பார்த்துச் சொன்னாள்:

"ஆண்டவரே, எரிச்சல எங்க வைக்கணும்னு சொல்லாம விட்டது எங்க குத்தம். இப்ப சொல்லுகோம். எங்க பங்க எங்களுக்குத் தாரும். மிச்சத்த இந்த அண்டி போற வழியில இருக்க எல்லாக் கைக்கும் அளந்து வையும். நல்லவன் கெட்டவன் பாக்காண்டாம். எனக்க மவ பெனிலா," என்று நிறுத்தினாள். அந்த நிறுத்தத்தில் வறுக்கிற கொட்டகையில் வெந்த ஓடு ஒன்று வெடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. "எனக்க மவ பெனிலாக்க கைக்கும் வையும்."

ஆமென் என்றாள் ரெஜினாள், எங்கள் எல்லாருக்கும் முன்னால்.

அது திரும்பி வந்தது. போனபோது போனதுபோலவே, தெரிந்த வீட்டுக்கு வருகிறவர் மாதிரி வந்தது, ஆனால் பாதிக்கு மேல் சுமையை வழியில் இறக்கிவைத்துவிட்டு. எங்களுக்கு இரண்டு விரல் அளவுக்கு எரிந்தது. ரெஜினாள் எந்த இரண்டு விரல் என்று பார்த்தாள். நூலைப் பிடிக்கிற விரல்கள் அல்ல. சாம்பலைத் தடவிக்கொண்டாள்.

வாசலில் சுசீலா தன் கையை உதறிக்கொண்டு நின்றாள். ஆபீஸ் அறையின் கதவு திறந்திருந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த முதலாளி பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, தன் இடது கையின் மூன்று விரல் தானாகக் குவிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னொருவருடைய கை என்பதுபோலப் பார்த்தார். வலது கை எழுந்து மேசைக் கண்ணாடியின் மேல் இறங்கியது. அவர் எழுந்து கொட்டகைக்குள் வந்தார், உட்கார நாற்காலி இல்லாததால் எங்களோடு தரையில் உட்கார்ந்தார்.

"இது எப்பம் நிக்கும்?" என்று கேட்டார்.

"நீங்க தொழில விட்டா நிக்கும் மொதலாளி" என்றாள் ரெஜினாள். "நாங்க கேட்டப்ப நீங்க அப்படித்தான் சொன்னிய."

தாசம்மா தன் கொட்டாங்கச்சியிலிருந்து கொஞ்சம் சாம்பலை எடுத்து அவர் கையில் வைத்தாள். முப்பது வருஷத்தில் அவர் அவள் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. தொட்டதும் அவர் திடுக்கிட்டு அவள் விரல்களைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை கையுறை வந்தது. பருப்பு பொடியத்தான் செய்தது, பழகும் வரைக்கும். வாயைத் திறந்து பார்க்கிற வழக்கம் என்றைக்கு நின்றது என்று யாருக்கும் நினைவில்லை. முதலாளியின் விரலும் சுசீலாவின் விரலும் இன்னும் முழுசாக ஆறவில்லை, எங்களுடையதும்தான். தூர தேசத்தில் யார் யார் எந்தெந்த விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ, அவர்களுக்காகவும் இப்போது நாங்கள் ஜெபத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

பெனிலா அந்த வியாழக்கிழமையே கூப்பிட்டாள். அவள் குரலில் முதலில் சந்தோஷம் இருந்தது.

"அம்மா, கை சரியாயிட்டுது. இன்னைக்குக் காலைல ஒரு பிள்ளைக்கு மொதல் தடவையிலேயே நரம்பு கிடைச்சுட்டு. சுண்டுவிரல் நுனி மட்டும்தான் இன்னும் எரியுது. ஒரு கடுகளவு கறுப்பு இருக்கு, கழுவுனாலும் போவல்ல."

"அது போவாது மக்கா. அது ஒனக்க பங்கு. நான்தான் கேட்டு வாங்குனேன்."

தாசம்மா அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கறுத்த எண்ணெய், சாம்பல், ரேகை, சேலைத் தலைப்புக்குள் மறைத்த கை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். நாங்கள் கஞ்சியை வைத்துவிட்டுக் கேட்டோம்.

"அம்மா" என்றாள் பெனிலா கடைசியில். "இந்த ஒரு நுனியே எனக்குத் தாங்கல்ல. ஒனக்குப் பத்து விரல்லயும் இப்படியா இருந்துது?"

தாசம்மா கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"ஆமா மக்கா" என்றாள்.